பாம்புக்குக் கிழமை தெரியுமா?

கேள்வி: அமெரிக்காவில் என் மகன் வளர்க்கும் பந்து மலைப்பாம்பு, சனிக்கிழமை இரைவேளையில் தலைநீட்டிக் காத்திருக்கிறதாம். அது கிழமையை அறியுமா?

பதில்: அறியாது. பசித்திருக்கும் பாம்பு, வெதுவெதுப்பாக்கிய எலியின் வாடையை நாவாலும் அதன் வெப்பத்தை உதட்டோரக் குழிகளாலும் உணர்ந்தே ஆயத்தமாகிறது. கூண்டு திறந்தாலே இரை என்று பழகிவிட்டால் வெறுங்கையையும் கவ்வக்கூடும் என்பதால், இரையை இடுக்கியால் கொடுப்பதே நல்லது. குட்டிக்கு வாரம் ஒருமுறையும், வளர்ந்ததற்கு 10 முதல் 14 நாட்களுக்கு ஒருமுறையும் போதும். ஆயினும், மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இவ்வினம் இனப்பெருக்கப் பருவத்தில் மாதக்கணக்கில் உண்ணாதிருப்பதுண்டு. எடை குறையாதவரை, தயவுசெய்து அட்டவணைக்காக அதை வற்புறுத்த வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். விழுங்கியபின் 48 மணி நேரம் அதைக் கையில் எடுக்கவும் கூடாது, கக்கிவிடக்கூடும்.