ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற பையன்

அன்புள்ள சார்,

நாங்கள் நியூஜெர்சியில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். சொந்த ஊர் கரூர் பக்கம். போன மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில் "டிகிராம் மாதிரி தாமதமாகப் பந்து வீச வந்தவர்களும் உண்டு" என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்தது. என் மகனுக்கு 13 வயது. பள்ளி பேஸ்பால் அணியில் ஷார்ட்ஸ்டாப். பிட்சராக, அதாவது பந்து வீசுபவனாக வேண்டும் என்று அவனுக்கு ஆசை, பயிற்சியாளர் வாய்ப்பு தருவதில்லை. கூட ஆடும் பையன்கள் எட்டு வயதிலிருந்தே தனிப் பயிற்சிக்குப் போகிறார்கள், வருடம் முழுக்க வீசுகிறார்கள். தாமதமாகிவிட்டதா? டிகிராம் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன். எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும்.

ஒரு தந்தை (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று பார்த்தேன், மாட்டிக்கொண்டேன். சரி, சொல்கிறேன்.

பேஸ்பாலில் பெயர்பெற்ற பிட்சரான ஜேக்கப் டிகிராம் 1988இல் ஃபுளோரிடாவில் டீலேண்ட் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். பள்ளியில் அவரும் உங்கள் மகனைப் போல ஷார்ட்ஸ்டாப்தான். கிரிக்கெட் கண்ணோடு பார்த்தால், பாயிண்டில் நிற்கும் நல்ல ஃபீல்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ்கள். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே தரையோடு சீறி வரும் பந்தை அள்ளி, ஆடுகளத்தின் குறுக்கே முதல் பேஸுக்கு வீச வேண்டும். நிதானித்து வீச நேரம் இருக்காது. கையில் பலம் இல்லாதவனை அங்கே நிறுத்த மாட்டார்கள்.

பள்ளி முடிந்தபோது அமெரிக்காவின் உச்சகட்டத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. பிறந்த ஊரிலேயே இருக்கும் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கேயும் முதல் இரண்டு வருடம் ஷார்ட்ஸ்டாப். ஃபீல்டிங் நன்றாக இருந்தது, பேட்டிங் சுமார். பயிற்சியாளர்கள் பார்த்தது வேறொன்றை: இவன் முதல் பேஸுக்கு எறியும் வேகத்தை. மூன்றாம் வருடம் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் வந்து முடித்துவைக்கும் பிட்சராக ஆக்கினார்கள், பிறகு தொடக்கத்திலேயே வீசவிட்டார்கள். அவருக்கு இதில் பெரிய விருப்பம் இருக்கவில்லை. ஷார்ட்ஸ்டாப்பாகவே இருந்துவிட நினைத்தவர்.

2010 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், நியூயார்க் மெட்ஸ் அணி அவரை ஒன்பதாவது சுற்றில் எடுத்தது. மொத்த வரிசையில் 272ஆவது பெயர். டென்னஸியில் கிங்ஸ்போர்ட் என்ற ஊரின் அணிக்கு அனுப்பினார்கள். மேஜர் லீக்குக்குக் கீழே ஆட்டக்காரர்களைத் தயார்செய்யும் மைனர் லீக்கின் அடிமட்டப் படிகளில் ஒன்று அது. ஆறு ஆட்டங்கள் வீசினார். முழங்கை போய்விட்டது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஓடி வருகிறார், கையை நேராக வைத்துச் சுழற்றுகிறார், 22 கஜம். பிட்சர் ஓடுவதில்லை. பத்து அங்குல உயர மண்மேட்டில் நின்று 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால், பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் தட்டைக் குறிவைக்கிறார். ஓட்டம் தரும் வேகம் இல்லை. காலில் தொடங்கி இடுப்பு, தோள் வழியாக வரும் விசை முழுக்க மடங்கிய முழங்கை வழியாகச் சாட்டை மாதிரி வெளியே போகிறது. முழங்கையின் உள்பக்கம் எலும்புகளைப் பிடித்திருக்கும் ஒரு சிறிய தசைநார்தான் அத்தனையையும் தாங்குகிறது. அறுந்தால், உடம்பின் வேறொரு இடத்திலிருந்து நாண் எடுத்துத் துளை போட்டுக் கட்டுவார்கள். 1974இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதலில் செய்தார். அறுவை சிகிச்சைக்கு வைத்தியர் பெயர் நிற்கவில்லை, நோயாளி பெயர் நின்றுவிட்டது.

டிகிராமுக்கு 2010 அக்டோபரில் அது நடந்தது. 2011 முழுக்க ஆட்டமே இல்லை. ஆனால் அந்த வெற்று வருடத்தில்தான் விஷயம் இருக்கிறது. மெட்ஸின் பெரிய பிட்சர் யோஹான் சான்டானாவும் தோள் அறுவை சிகிச்சை முடிந்து ஃபுளோரிடாவில் அதே முகாமில் தேறிக்கொண்டிருந்தார். சேஞ்ச்-அப் என்ற பந்துக்குப் பெயர் போனவர். நம் ஊர் 'ஸ்லோயர் பால்'தான். அதைப் பிடிக்கும் விதத்தை இந்தப் பையனுக்குக் காட்டிக்கொடுத்தார்.

வீட்டில் சாத்துக்குடி இருந்தால் கையில் எடுங்கள், பேஸ்பாலும் ஏறக்குறைய அந்த அளவுதான். வேகப் பந்துக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேலே, கட்டைவிரல் அடியில். இப்போது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பக்கவாட்டில் வளையமாகச் சேர்த்து, மற்ற மூன்று விரல்களால் பழத்தைப் பிடித்துப் பாருங்கள். பிடி நழுவுகிற மாதிரி இருக்கிறதா? அதுதான் சூட்சுமம். கையை அதே வேகத்தில் வீசினாலும் பந்துக்கு அந்த வேகம் போய்ச் சேராது. பேட்டர் கையைப் பார்த்துத்தான் மட்டையைச் சுழற்றுகிறார், பந்து வந்து சேரும்போது மட்டை கடந்துபோயிருக்கும். உங்கள் மகனிடம் காட்டினால் 'இதுகூடத் தெரியாதா அப்பா' என்பான். பரவாயில்லை.

அப்புறம் 2012இல் சவான்னா, 2013இல் பிங்காம்ப்டன், லாஸ் வேகஸ் என்று மைனர் லீக் ஊர்கள். 2014 மே மாதம் மெட்ஸ் மேலே கூப்பிட்டபோதுகூட நடுவில் வந்து வீசுகிற ஆளாகத்தான் கூப்பிட்டார்கள். முறைப்படி வீச வேண்டிய பிட்சருக்குக் காயம். அதனால் மே 15 அன்று நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸுக்கு எதிராக டிகிராம் தொடங்கினார். ஏழு இன்னிங்ஸ், ஒரே ஒரு ரன். ஆட்டம் 1–0 தோல்வி. அன்று இன்னொன்றும் நடந்தது. அந்தப் பருவத்தில் அதுவரை மெட்ஸின் பிட்சர்கள் மட்டை பிடித்து 64 முறை முயன்றும் ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸை எட்டுவது) அடிக்கவில்லை. முதல் ஹிட்டை அடித்தது முதல் நாள் வந்த இந்த ஆள். பழைய ஷார்ட்ஸ்டாப் ஆயிற்றே. வருடக் கடைசியில் தேசிய லீக்கின் (மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) சிறந்த புதுமுகம் என்ற விருது அவருக்கு.

நன்றாக வீசுவது, அணி தோற்பது: முதல் நாளே எழுதிவைத்த மாதிரி ஆகிவிட்டது. 2018 கோடையில் உறவினர் வீட்டில் தங்கி டிவியில் பார்த்தேன். வீட்டுக்காரர் மெட்ஸ் ரசிகர். டிகிராம் ஒவ்வொரு இன்னிங்ஸும் முடித்துவிட்டு முகத்தில் எதுவும் காட்டாமல் போய் உட்காருவார், இவர் சோபாவில் இருந்துகொண்டு மெட்ஸ் பேட்டர்களின் பரம்பரையையே திட்டுவார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.70 ரன்தான் அந்த வருடம் டிகிராம் கொடுத்தது. ஆட்டத்தின் முடிவைப் பிட்சர் பெயரில் எழுதும் கணக்கில் வெற்றி 10, தோல்வி 9! ஆனாலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அவருக்குக் கொடுத்தார்கள், அடுத்த வருடம் மறுபடியும். வெற்றி எண்ணிக்கையை வைத்து பிட்சரை எடைபோடும் பழக்கம் அந்த 2018 விருதோடு அநேகமாகச் செத்துவிட்டது என்பது என் எண்ணம்.

இனி உங்கள் கேள்வி. தாமதமாக வந்ததால்தான் டிகிராமின் கை தேயாமல் இருந்தது என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முழுநேரமாக வீச ஆரம்பித்த அதே வருடம் தசைநார் அறுந்ததே! 2023இல் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸுக்குப் போன பிறகு இரண்டாவது முறையும் அதே அறுவை சிகிச்சை. 2025இல்தான் மறுபடி ஒரு முழுப் பருவம் வீசினார். ஆகவே தாமதம் கையைக் காப்பாற்றும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். நான் சொல்ல வருவது சின்ன விஷயம்தான். அவரை மேட்டில் ஏற்றியது அவருடைய ஆசை இல்லை, அடுத்தவர் கண். ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கும் பையனின் கையை யாரும் பார்க்காமல் போவதில்லை. பதிமூன்று வயதில் அதை முடிவுசெய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை.

தனிப் பயிற்சிக்கு அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம். வருடம் முழுக்க வீசுவதைப் பற்றி மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை, வேண்டாம். மேஜர் லீக்கே சிறுவர்களுக்காக வெளியிட்டிருக்கும் விதிமுறையில் 13, 14 வயதுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பந்துகள், வருடத்தில் நான்கு மாதமாவது கைக்கு ஓய்வு என்று இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் ஜனவரியில் வீசுகிறான் என்பதற்காக உங்கள் மகனும் வீச வேண்டியதில்லை. குளிர்காலத்தில் டிகிராம் பள்ளியில் பாஸ்கெட்பால் ஆடிக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒன்று, மகனிடம் கேட்டுப்பாருங்கள். டிகிராம் கல்லூரியில் அடித்தது மொத்தமே ஒரு ஹோம் ரன், நம் ஊர் சிக்ஸர் மாதிரி. யார் வீசிய பந்தில்? அவனுக்குத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்: கிறிஸ் சேல். 2024இல் சை யங் வாங்கிய அதே சேல்தான். கிரிக்கெட் மட்டும் தெரிந்த அப்பாவை அவன் ஒரு நிமிடமாவது வேறு மாதிரி பார்ப்பான்.