சூளகிரி மனையும் தேவனஹள்ளிக் கூட்டமும்

கேள்வி: பெங்களூரு விமான நிலையத்தில் கூட்டம் தாங்கவில்லை. அதனால் ஒசூர் விமான நிலையம் சீக்கிரம் வந்துவிடும் என்று சொல்லி, சூளகிரி பக்கம் மனை விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஆண்டுக்கு 4 கோடிப் பேருக்கு மேல் வந்துபோகும் இடத்தில் கூட்டம் இருக்கத்தான் செய்யும். அதற்காகத்தான் பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் 2019-இல் இரண்டாவது ஓடுபாதையும், அப்புறம் இரண்டாவது முனையமும் கட்டினார்கள். ஆனால் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர் திணறுவது அங்கே போகும் வழியில், அத்திப்பள்ளி டோல்கேட்டிலும் சில்க் போர்டிலும் ஹெப்பாளிலும். பத்து மணி விமானத்துக்கு விடியுமுன் கிளம்புகிறோமே, அதற்கு ஓடுபாதை என்ன செய்யும்?

2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தது ஒசூரில் 2000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கான நிலையம். நல்ல விஷயம்தான். ஆனால் பெங்களூரு நிலையத்தை நடத்தும் நிறுவனத்தோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. நிலையம் திறந்து 25 ஆண்டுகள்வரை, மைசூரு, ஹாசன் தவிர, 150 கிலோமீட்டருக்குள் போட்டிக்கு இன்னொரு சர்வதேச நிலையம் வரக்கூடாது. திறந்தது 2008. கணக்குப் போட்டால் 2033. ஒசூர் அங்கிருந்து நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அந்த நிறுவனம் சம்மதித்தால் வழி உண்டு. வாடிக்கையாளரை யார் சும்மா விட்டுக்கொடுப்பார்கள்? நமக்குக் கிட்டத்தில் இருந்த பழைய எச்.ஏ.எல். (மத்திய அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனம்) நிலையத்தில் பயணிகள் விமானத்தை நிறுத்தியதும் அதே 2008-இல்தான். இருந்த போக்குவரத்து மொத்தமும் புதியதற்கே போகட்டும் என்ற ஏற்பாடு.

இதுபோக ஒசூர் வானத்துக்கு எச்.ஏ.எல்-லும் பாதுகாப்பு அமைச்சகமும் தலையசைக்க வேண்டும். கர்நாடகமும் கனகபுரா சாலையிலும் நெலமங்கலத்திலும் இரண்டாவது நிலையத்துக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறது. 2033-க்குக் காத்திருப்பது நாம் மட்டுமில்லை.

ஒசூர் பக்கத்துத் தளி, பாகலூர் ரோஜாவைக் கேட்டால் வேறு கதை சொல்லும். பிப்ரவரி வந்தால் காதலர் தினத்துக்காக மொட்டு விரியுமுன் வெட்டி, குளிரூட்டி, பெட்டியில் அடுக்கி, பெங்களூரு நகரம் முழுவதையும் கடந்து தேவனஹள்ளிக்கு லாரி போக வேண்டும். ஒசூருக்கு விமானம் கேட்பவர்கள் இந்தச் சரக்குக் கணக்கை வைத்துக் கேட்டால் வழக்கு வலுவாக இருக்கும்.

சரி, மனை. பட்டா, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி, தண்ணீர் மூன்றையும் பார்த்துப் பிடித்திருந்தால் வாங்குங்கள். விமானத்துக்காக வாங்குவதென்றால், ஓடுபாதை எந்த சர்வே எண்ணில் வருகிறது என்று புரோக்கரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 2000 ஏக்கர் எடுக்கும்போது உங்கள் மனையும் அதற்குள் போனாலும் போகலாம்.