மண் பாதைக்கும் வேண்டும், செலவும் வைக்கக்கூடாது!

கேள்வி: தினமும் எண்ணூருக்கு வேலைக்குப் போகிறேன். லீவு நாளில் பழவேற்காடு பக்கம் மண் பாதையிலும் ஓட்ட ஆசை. அடிக்கடி மெக்கானிக்கிடம் போய் நிற்காமல் இருக்க எந்த பைக் வாங்கலாம்? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நெளிந்து போகிறவருக்குக் கனமான வண்டி எதற்கு? ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 நல்ல வண்டிதான், ஆனால் 196 கிலோ, அப்புறம் ரேடியேட்டர், கூலன்ட் என்று கூடுதல் கவனிப்பு வேறு. மணலில் சாய்ந்தால் தனியாளாகத் தூக்கிப் பாருங்கள், தெரியும். என் ஓட்டு ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 4வி-க்கு. சுமார் 160 கிலோ, ஆயில் கூலிங் (ரேடியேட்டர் தொல்லை இல்லை), முன்சக்கரம் 21 இன்ச். சீட் உயரம் 825 மி.மீ., அதனால் கால் எட்டுகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஹைவேயில் பறக்க ஆசையென்றால் இது சரிப்படாது.

உங்கள் ஏரியாவில் உப்புக்காற்றுதான் எதிரி. ஸ்போக் முனைகளில்தான் துரு முதலில் எட்டிப்பார்க்கும். கடற்கரைப் பக்கம் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து செயின் லூப் (மசகு ஸ்ப்ரே) அடித்துவிடுங்கள். மற்றபடி செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை லூப் அடித்தால் போதும். செகண்ட் ஹேண்ட் என்றால் முன் ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்கள்) தடவிப் பாருங்கள், விரலில் ஆயில் ஒட்டினால் கசிவு இருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.