கூட்டம் 'கலைந்தது'ன்னா, கலைச்சது யாரு?

இந்த தடவை தபால்ல வந்த கேள்வில பாதிக்கு மேல மொழியியல் பக்கமாவே இருந்துச்சு. அதனால மத்ததை அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: காக்னிட்டிவ் ஸ்டைலிஸ்டிக்ஸ்னு வகுப்புல ஒரு மணி நேரம் எடுத்தாங்க, ஒன்னும் தலைல ஏறல. நாம ஸ்கூல்ல அணி இலக்கணம் படிச்சோமே, அதுலேர்ந்து இது எப்படி வேற?

பதில்: எழுத்து நடை படிக்கிறவங்க மனசுல எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கறதுதான் காக்னிட்டிவ் ஸ்டைலிஸ்டிக்ஸ். 'தலைல ஏறல'ன்னு எழுதினீங்க பாருங்க, அங்கேயே ஆரம்பிச்சுடலாம். தலை ஒரு பாத்திரம், விஷயம் அதுக்குள்ள போற பொருள். இதை நீங்க யோசிச்சு எழுதல, தானா வந்துச்சு. இந்த மாதிரி தானா வர்றதுதான் அசல் உருவகம், கவிஞர் ஜோடிச்சு வைக்கிறது அதுக்கு மேல கட்டின மாடிதான்னு 1980-ல மொழியியல்காரர் ஜார்ஜ் லேக்காஃபும் தத்துவக்காரர் மார்க் ஜான்சனும் ஒரு புத்தகமே போட்டாங்க. கோபத்தை எடுத்துக்கோங்க. கொதிச்சான், பொங்கினான், உள்ளேயே அடக்கி வச்சான், ஒரு நாள் வெடிச்சுட்டான், அப்புறம் ஆறிட்டான். தனித்தனியா பாத்தா அஞ்சு வினைச்சொல், சேத்து பாத்தா மூடி போட்ட பாத்திரத்துல சூடேறுற தண்ணி. அணி இலக்கணத்துல 'இது உருவகம்'னு பேர் வச்சுட்டு அடுத்த வரிக்கு போயிடுவோம், காக்னிட்டிவ் ஸ்டைலிஸ்டிக்ஸ்காரங்க படிக்கிறவன் மண்டைல எந்த படம் ஓடுது, எந்த வார்த்தை அதை ஓட வச்சுச்சுன்னு கேக்குறாங்க. அதனாலதான் ஒரு கதைல 'அவள் கோபம் உறைந்து போனது'ன்னு வந்தா டக்குனு நிக்கிறோம், எல்லாரும் சூடாக்குறதை இந்த எழுத்தாளர் மட்டும் குளிர வச்சுட்டார், ஸ்டைல்னு சொல்றது அந்த விலகல்லதான் இருக்கு.

கேள்வி: இதெல்லாம் தொல்காப்பியத்துலயே இருக்கே சார், வெள்ளைக்காரன் சொன்னாதான் ஒத்துப்பீங்களா?

பதில்: பாதி ஒத்துக்கறேன். வினை, பயன், மெய், உருன்னு உவமைக்கு நாலு அடிப்படை சொன்னது உவமையியல். உள்ளுறை உவமம் இன்னும் கிட்ட வருது, பூவையும் தண்ணியையும் பறவையையும் மட்டும் சொல்லிட்டு அதுல எது தலைவன் எது தலைவின்னு பொருத்துற வேலையை கேக்குறவங்க தலைல கட்டிடுறது. ஆனா அது செய்யுளைப் பத்தின பேச்சு. தெருவுல நின்னு பேசுற பேச்சும் இப்படித்தான் வேலை செய்யுதுங்கறது லேக்காஃப், ஜான்சனோட வாதம். ரெண்டும் ஒன்னு இல்ல, மார் தட்ட வேணாம்.

கேள்வி: கதை கவிதைக்கு மட்டும்தானா, செய்தி படிக்கிறதுக்கு இது உதவுமா?

பதில்: என்னைக் கேட்டா செய்திலதான் ரொம்ப உதவும். இந்த மூணு வாக்கியத்தை மெதுவா படிங்க: 'கூட்டம் கலைந்தது.' 'கூட்டம் கலைக்கப்பட்டது.' 'போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது.' நடந்தது ஒன்னுதான். முதல் வாக்கியத்துல மேகம் கலையற மாதிரி கூட்டம் தானா கலைஞ்சுடுச்சு. ரெண்டாவதுல யாரோ கலைச்சிருக்காங்க, ஆனா ஆள் திரைக்குப் பின்னாடி. மூணாவதுலதான் ஆள் வெளிச்சத்துக்கு வர்றார். 'கலைந்தது', 'கலைத்தது' ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம்னு பாருங்க, ஒரே ஒரு மெய்யெழுத்து, ந் போய் த். தன்வினை பிறவினைன்னு பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணோமே அதுதான், யாரு பொறுப்புங்கறது மொத்தமா அந்த ஒரு எழுத்துல உக்காந்திருக்குன்னு அப்ப யாரும் சொல்லித் தரல. நடந்ததை எந்தப் பக்கத்துலேர்ந்து காட்டுறோம், எதை முன்னால நிறுத்துறோம், எதை மங்கலாக்குறோம்ங்கறதைத்தான் மொழியியல்காரர் ரொனால்ட் லாங்கேக்கர் 'கன்ஸ்ட்ரூவல்'னு சொன்னார், காக்னிட்டிவ் கிராமர் பத்தின அவரோட புத்தகத்துல முதல் தொகுதி 1987-ல வந்துச்சு. அதுக்காக 'கலைந்தது'ன்னு எழுதினவர் எல்லாம் மறைக்கப் பாக்கறார்னு கிளம்பிடாதீங்க, சில சமயம் தலைப்புல இடம் பத்தாம இருக்கும், அவ்ளோதான். ஒரே ஆள் பத்து செய்தில பத்து தடவையும் அப்படியே எழுதினா அப்ப கேக்கலாம்.

கேள்வி: நான் சிறுகதை எழுதறேன். இந்த தியரி எல்லாம் எழுதறவங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

பதில்: தியரியை மறந்துடுங்க, ரெண்டு இடத்தை மட்டும் கவனிங்க.

ஒன்னு வா, போ. 'கதவு திறந்தது, அவள் உள்ளே வந்தாள்'னு எழுதினா வாசகர் ரூமுக்குள்ள உக்காந்திருக்கார். 'உள்ளே போனாள்'னு எழுதினா அவர் வாசல்ல நிக்கிறார், உள்ள என்ன நடக்கும்னு அவருக்கு தெரியாது. என் கதை ஒன்னுல யாருமே இல்லாத வீடு, ஆனாலும் 'வந்தாள்'னுதான் எழுதியிருந்தேன், அந்த வீடு அவளுக்காக காத்துட்டு இருந்த மாதிரி தோணணும்னு. அச்சுல பாத்தா 'சென்றாள்'னு இருக்கு, யாரோ புண்ணியவான் அது இன்னும் இலக்கியத்தரமா இருக்கும்னு மாத்திட்டார், வாசகரை வாசலுக்கு வெளிய தள்ளிட்டோம்னு அவருக்கு தெரியாது. எனக்கு இன்னும் ஆறல.

இன்னொன்னு 'எனக்கு'. 'நான் கோபப்பட்டேன்'னா கோபப்பட்டது நான். 'எனக்குக் கோபம் வந்துச்சு'ன்னா கோபம் எங்கிருந்தோ கிளம்பி வருது, நான் அது வந்து இறங்குற இடம். பசி, தூக்கம், ஞாபகம், பயம் எல்லாத்தையும் நம்ம மொழில இப்படி சொல்லலாம். ஒரு பாத்திரம் கதை முழுக்க 'எனக்குத் தோணுச்சு, எனக்கு வந்துச்சு, கை தானா நீண்டுச்சு'ன்னே பேசிட்டு இருந்தா, கொலையே பண்ணியிருந்தாலும் அதை அவன் பண்ணல, அவன் மேல வந்து விழுந்துச்சுன்னு நம்புறவன் அவன். நீங்க வெளிய நின்னு விளக்க வேண்டியதே இல்ல. இப்படி இலக்கணத்துலயே ஒருத்தரோட மனசு தெரியறதுக்கு 1977-ல மொழியியல்காரர் ராஜர் ஃபௌலர் 'மைண்ட் ஸ்டைல்'னு பேர் வச்சார்.

கேள்வி: 'முன்னாடி பாத்து நட'ன்னா எதிர்ல இருக்கறது, 'முன்னாடி நடந்த விஷயம்'னா பழசு. தமிழனுக்கு இறந்தகாலம் முன்னாலயா பின்னாலயா?

பதில்: நல்ல கேள்வி, நானும் இதுல குழம்பியிருக்கேன். ரெண்டாவது 'முன்னாடி' நம்ம முகத்தை வச்சு சொல்றது இல்ல, வரிசையை வச்சு சொல்றது. நாள் எல்லாம் க்யூல நம்மளைப் பாத்து வந்துட்டு இருக்கு, க்யூல முன்னாடி நின்னது முதல்ல நம்மளைத் தாண்டி போயிடுச்சு, அதனாலதான் 'போன வாரம்'. பின்னாடி நிக்கிறது இன்னும் வரல, அதனால 'பின்னாடி வருத்தப்படுவே', 'வர்ற வாரம்'. எதிர்காலம்ங்கற சொல்லே இந்தப் படம்தான், எதிர்ல வர்ற காலம். ஆனா 'முன்னேற்றம்'னா படம் மாறிடுது, காலம் நிக்குது, நாம நடக்கறோம். ரெண்டு படத்தையும் ஒரே பேச்சுல சாதாரணமா மாத்தி மாத்தி ஓட்டுறோம்.

கேள்வி: நீங்களா கற்பனை பண்ணிட்டு வாசகர் மண்டைல இது ஓடுச்சுன்னு சொன்னா எப்படி? ஆதாரம் என்ன?

பதில்: இந்த துறையோட பலவீனமான இடத்துலயே கை வச்சுட்டீங்க. வார்த்தையைக் காட்டி மனசு இப்படின்னு சொல்றது, மனசு இப்படிங்கறதாலதான் வார்த்தை அப்படின்னு திரும்ப சொல்றது, இது செக்குமாடு மாதிரி சுத்தும். வெளிய வந்து சோதிச்சவங்களும் இருக்காங்க. 2011-ல திபோடோ, போரோடிட்ஸ்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஊரோட குற்றப் பிரச்சினையை சிலருக்கு 'மிருகம்'னும் சிலருக்கு 'வைரஸ்'னும் எழுதிக் குடுத்தாங்க, மிருகம்னு படிச்சவங்க புடி, உள்ள தள்ளுங்கற பக்கம் அதிகமா சாஞ்சாங்க. ஆனா 2014-ல ஸ்டீனும் கூட்டாளிங்களும் கிட்டத்தட்ட அதையே செஞ்சு பாத்தப்போ உருவகத்தால வித்தியாசம் எதுவும் தெரியல. அதனால 'உருவகம் மூளையையே மாத்திடும்'னு யாராவது மைக்ல முழங்கினா பாதிதான் நம்புங்க. நான் வச்சிருக்கற சோதனை ரொம்ப சின்னது, அந்த வார்த்தையை எடுத்துட்டு வேற ஒன்னை வச்சு படிச்சு பாப்பேன். ஒன்னும் மாறலன்னா என் விளக்கம் வெறும் ஜோடனை, தூக்கிப் போட்டுடுவேன்.

கேள்வி: எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்கு ஒரு நாவல்ல இருக்கற உருவகம் எல்லாத்தையும் எடுக்கப் போறேன். எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

பதில்: முழு நாவல் வேணாம், மூணு பக்கம் எடுங்க, அதுவே முதுகை ஒடிச்சுடும். ப்ராக்கிள்ஜாஸ்னு ஒரு ஆராய்ச்சிக் குழு 2007-ல ஒரு வழிமுறை சொன்னாங்க, அதைப் பிடிச்சுக்கோங்க. முதல்ல மொத்தத்தையும் ஒரு தடவை படிக்கணும், அப்புறம் வார்த்தை வார்த்தையா வந்து இங்க இதுக்கு என்ன அர்த்தம், வேற இடத்துல இதைவிட கையால தொடற மாதிரி, உடம்போட ஒட்டின அர்த்தம் இருக்கான்னு பாக்கணும். 'விலை ஏறுச்சு'ல ஏறுன்னா அதிகமாகறது, ஆனா மரம் ஏறுறோம் படி ஏறுறோம், ரெண்டு அர்த்தமும் வேற, ஆனா ஒன்னை வச்சு இன்னொன்னு புரியுது, அப்ப உருவகம்னு குறிச்சுக்கலாம். இதை ஃப்ரெண்டு ஒருத்தரையும் தனியா செய்யச் சொல்லுங்க, ரெண்டு பேரோட லிஸ்ட்டும் எங்கெங்க ஒத்துப் போகலயோ அங்கதான் உங்க ப்ராஜெக்ட்டே இருக்கு. நடுவுல சந்தேகம் வந்தா எழுதுங்க. 'பாத்துக்கோ'ல ஒட்டிட்டு இருக்கற அந்த 'கொள்' உருவகமா இல்லையான்னு மட்டும் கேக்காதீங்க, நான் ரெண்டு நாளா அதுலயே மாட்டிட்டு இருக்கேன்.