பற்றாக்குறை கூடினால் பத்திரத்தை விற்றுவிடலாமா?

கேள்வி: வளரும் நாடுகளின் அரசுக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் ஒரு ஃபண்டில் என் சேமிப்பில் கால்பங்கு இருக்கிறது. வருமானம் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் அந்த நாடுகளின் பட்ஜெட் பற்றாக்குறை ஏறிக்கொண்டே போவதாகப் படிக்கிறேன். 4 வருடத்தில் மகளின் கல்லூரிப் படிப்புக்கு இந்தப் பணம் வேண்டும். எடுத்துவிடவா?

பதில்: பெரும்பகுதியை எடுத்துவிடுங்கள். 4 வருடத்தில் தேவைப்படும் பணம் இவ்வளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்காது. ஆனால் பற்றாக்குறைக்குப் பயந்து எடுக்காதீர்கள். அந்த ஓர் எண்ணை வைத்து ஒரு நாட்டை எடைபோட முடியாது.

வளரும் நாடு கடன் வாங்காமல் வளர்வது கடினம். துறைமுகமும் மின்பாதையும் பல பத்தாண்டுகள் பலன் தருபவை; அவற்றின் செலவு முழுவதையும் இந்த வருட வரியிலேயே ஈடுகட்ட முடியாது. அந்த மின்சாரத்தில் தொழிற்சாலைகள் ஓடினால், அவை கட்டும் வரி கடனை அடைக்க உதவும். அதே கடன் பெட்ரோல் மானியத்துக்குப் போனால் அடுத்த வருடமும் கடன்தான். 2015 தொடக்கத்தில் இந்தோனேசியா பெட்ரோல் மானியத்தை நிறுத்தி, மிச்சமான பணத்தைச் சாலை, பாலம் போன்ற கட்டமைப்புக்குத் திருப்பியது இதனால்தான்.

எனவே நான் முதலில் பார்ப்பது, அரசின் வருவாயில் எத்தனை பங்கு வட்டிக்கே போகிறது என்பதை. வீட்டுக் கடன் தரும் வங்கி உங்கள் சம்பளத்தில் தவணை எவ்வளவு என்று பார்ப்பதில்லையா, அதுபோலத்தான். இலங்கை 2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. வளர்ச்சியைத் தூண்டுவதுதான் நோக்கம். அடுத்து கொரோனா வந்தது, சுற்றுலா நின்றது. 2020-இல் அரசு வருவாயில் 70 சதவீதத்துக்கு மேல் வட்டிக்கே போனது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தினார்கள். 2024-இல் எட்டிய உடன்பாட்டில் டாலர் பத்திரம் வைத்திருந்தவர்கள் அசலிலேயே 27 சதவீதத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. உங்களைப் போன்ற ஃபண்ட் முதலீட்டாளர்களின் பணமும் அதில் உண்டு. மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற மக்கள் இழந்ததோ இதைவிட எத்தனையோ மடங்கு.

சிலியைப் பாருங்கள். செம்பு விற்றுப் பிழைக்கும் நாடு. செம்பின் நீண்டகால விலையை நிபுணர் குழு மதிப்பிட, அதற்கேற்பவே செலவு செய்வது என்ற விதியை 2001-இல் கொண்டுவந்தது. பிறகு செம்பு விலை எகிறியது. "பணம் குவிந்து கிடக்கிறதே, செலவு செய்யுங்கள்" என்று எல்லாத் திசையிலிருந்தும் நெருக்கினார்கள். நிதியமைச்சர் ஆந்த்ரேஸ் வெலாஸ்கோ அசையவில்லை. 2008-இல் உலக நெருக்கடி வந்து விலை சரிந்தபோது சேமித்த பணம் கையில் இருந்தது. 2009-இல் ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்க உதவியும் பொதுப்பணிகளுக்குக் கூடுதல் நிதியும் தர முடிந்தது. அந்த வருடம் பற்றாக்குறை ஏற்பட்டது உண்மை. அதைப் பார்த்துப் பயந்து விற்றிருந்தால் தவறு.

உங்கள் ஃபண்டின் மாதாந்திர ஃபேக்ட் ஷீட்டை (பணம் எதில் போடப்பட்டிருக்கிறது என்று காட்டும் விவரத்தாள்) திறந்து, பத்திரங்களில் எத்தனை சதவீதம் டாலர் கடன் என்று பாருங்கள். சொந்த நாணயம் சரியும்போது டாலர் கடனின் சுமை தானாகவே ஏறும். தன் நாணயத்தில் வாங்கிய கடனில் அரசுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடமுண்டு. ஆனால் அங்கே நாணயம் சரிந்தால் அடி உங்கள் முதலீட்டு மதிப்பில் விழும், அதையும் மனதில் வையுங்கள்.

மொத்தச் சேமிப்பில் 5 சதவீதத்தை மட்டும் இதில் விட்டுவைக்கலாம். மீதியைப் பாதுகாப்பான வைப்புக்கு மாற்றுங்கள், முதல் வருடக் கட்டணத்துக்கான தொகையை இந்த மாதமே. எக்ஸிட் லோட், அதாவது பணத்தை எடுக்கும்போது ஃபண்ட் பிடிக்கும் கட்டணம், உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.