பதினஞ்சாம் தேதிக்காரி
(வாசகர் கேள்வி பதில். பதில் சொல்பவர் தருமபுரி மாவட்டக் கிராமக் கிளைகளில் 31 ஆண்டுகள் வங்கிக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய். எங்கள் ஊரில் ஒரு குடும்பம் ஒருவேளை ஓட்டலில் சாப்பிட்டால் தீர்ந்துபோகும். இதை வைத்து ஒரு ஏழைக் குடும்பம் என்ன முன்னேறிவிடும்? கடைசியில் புருஷன் கைக்குப் போய், அங்கிருந்து டாஸ்மாக்குக்குத்தானே போகும்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: நீங்கள் ஆயிரம் ரூபாயை ஓட்டல் பில்லை வைத்து அளக்கிறீர்கள். எங்கள் பக்கம் அதை மளிகைக் கடைப் பற்று நோட்டை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணைச் சொல்கிறேன். சீசனில் புளி தட்டப் போவாள். மற்ற நாளில் களையெடுப்பு, கிடைத்தால் நூறு நாள் வேலை. வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பணம் அனுப்புவார். என்றைக்கு, எவ்வளவு என்பது அவருக்கே தெரியாது.

2023 செப்டம்பரில் ஒருநாள் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். “அக்கா, ஒத்த ரூவா போட்டிருக்காங்க. ஆயிரம்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணிட்டாங்களே!” கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பிய சோதனை ரூபாய் அது என்று சொல்லிப் புரியவைத்தேன். அண்ணா பிறந்த நாளான 15-ம் தேதி காஞ்சிபுரத்தில் திட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் சுற்றில் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள். அவளுக்கும் வந்தது. அன்று சாயங்காலம் வரை மெசேஜை நாலைந்து தடவை என்னிடம் காட்டிவிட்டாள்.

இனி அந்தப் பற்று நோட்டு. எங்கள் தெருமுனைக் கடையில் நீள நோட்டு ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும். இவள் பக்கத்தில் பாக்கி எப்போதும் இரண்டாயிரத்துக்குக் குறையாது. பாக்கி ஏறிப்போனால் தான் போகாமல் மகளை அனுப்புவாள், குழந்தையைக் கடைக்காரர் திட்ட மாட்டார் என்று. கடன்காரி விலை கேட்கக் கூடாது. யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். கால் கிலோ பருப்பு என்றால் அவர் அள்ளிப்போடுவதுதான் பருப்பு, அவர் எழுதுவதுதான் விலை. சந்தையில் மலிவாகக் கிடைத்தாலும் அங்கே போய் வாங்கிக்கொண்டு இந்தக் கடை வாசல் வழியாக வர முடியாது.

முதல் மூன்று மாதப் பணம் அப்படியே பழைய பாக்கிக்குப் போனது. உங்களைப் போன்றவர்கள் அப்போது பார்த்திருந்தால், “பார்த்தீர்களா, ஒன்றும் மாறவில்லை” என்றிருப்பீர்கள். நாலாவது மாதம் நான் சீயக்காய் வாங்க நின்றுகொண்டிருந்தேன். அவள் வந்து, “அந்த உடைச்ச பருப்பு வேணாம்ணா. இது என்ன விலை?” என்றாள். கடைக்காரர் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் விலையைச் சொன்னார். அவள் யோசித்துவிட்டு அரைக் கிலோ போடச் சொன்னாள்.

இப்போது அந்தக் கடையில் அவளுக்குப் பேரே ‘பதினஞ்சாம் தேதிக்காரி’. முன்பு கடன் கொடுக்க முகம் சுளித்தவர் இப்போது கேட்காமலே கொடுக்கிறார், அந்தத் தேதியில் வந்துவிடும் என்று. அவள் வீட்டுக்கு வரும் மற்ற எந்தப் பணத்துக்கும் தேதி கிடையாது. புளி வியாபாரி தள்ளிப்போடுவார், நூறு நாள் கூலி மாசக்கணக்கில் இழுக்கும். தொகை சின்னதுதான். ஆனால் என்றைக்கு வரும் என்று தெரிந்த பணத்தை நம்பிச் சீட்டுக் கட்டலாம். கட்டினாள். பத்துப் பெண்கள், ஆளுக்கு 500, குலுக்கல் சீட்டு. அவள் முறை வந்தபோது ஐயாயிரத்தையும் கொண்டுபோய் ஒரு பெட்டையாட்டுக் குட்டி வாங்கினாள். முன்பென்றால் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கியிருப்பாள், குட்டி வளர்வதற்குள் வட்டி வளர்ந்திருக்கும்.

டாஸ்மாக் விஷயம். உலக வங்கியைச் சேர்ந்த இருவர் 2014-ல் லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று 19 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏழைகள் கையில் பணம் கொடுத்ததால் சாராயத்துக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை என்றுதான் பெரும்பாலும் தெரிந்தது. சில இடங்களில் குறைந்தே இருந்தது. அதற்காக எங்கள் தெருவில் எல்லாம் சரி என்று பொய் சொல்ல மாட்டேன். நாலு வீடு தள்ளி ஒரு வீட்டில் ஏ.டி.எம். கார்டு புருஷன் சட்டைப் பையில் இருக்கிறது. கார்டின் முதுகிலேயே பின் நம்பர் எழுதியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பதினைந்தாம் தேதி வந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். ஆனால் அந்த ஆள் இந்தத் திட்டம் வருவதற்கு முன்பும் குடித்தவர்தான்.

இதைவிட எனக்குக் கவலை வேறு. வாரக் கடன் வசூலுக்கு பைக்கில் வரும் தம்பிகளுக்கும் தேதி தெரிந்துவிட்டது. “அதான் ஆயிரம் வருதே, இன்னொரு லோன் எடுத்துக்கங்க” என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இரண்டு பேர் எடுத்தும்விட்டார்கள்.

கேள்வி: என் மாமியார் புளி தட்டித் தட்டி விரல் தேய்ந்தவர். மெஷினில் கைரேகை விழவே மாட்டேன் என்கிறது. முதல் மாதப் பணத்தில் பாதியை மினிமம் பேலன்ஸ் இல்லை என்று வங்கி பிடித்துக்கொண்டது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, அரூர்

பதில்: இரண்டாவதை முதலில் பார்ப்போம் அம்மா. 2023-ல் பணம் வந்த வாரமே மாநிலம் முழுக்க இதே புகார்தான். கிளைக்குப் போய், “என் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தாருங்கள்” என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்டும் அதே தாளில் ஒரு வரி எழுதுங்கள். வாயால் கேட்டால், “சிஸ்டம் தானா பிடிச்சிருச்சு” என்பார்கள். நானே எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லி அனுப்பியவள்தான்.

கைரேகைக்கு: சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, பத்து விரலையும் வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் பல சமயம் காப்பாற்றும். அதுவும் இல்லையென்றால் மெஷின் வைத்துப் பணம் கொடுக்கும் வங்கி ஏஜெண்டை விட்டுவிட்டுப் பாஸ்புத்தகத்தோடு கிளைக்கே போங்கள். பணம் எடுக்கும் சீட்டில் எழுதி எடுக்க மெஷின் எதற்கு? ஆதார் மையத்தில் ரேகையையும் கண்ணையும் ஒருமுறை புதுப்பித்துவிடுங்கள். ஏஜெண்டிடம் எடுத்தால் ரசீது வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவன் ஆயிரத்துக்கு இருபது பிடித்துக்கொண்டிருந்தான். ரசீது கேட்க ஆரம்பித்த மாதமே நிறுத்தினான்.

கேள்வி: பணமாகக் கொடுப்பதற்குப் பதில் பொருளாகக் கொடுத்தால் வீண்போகாதே?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பொருளும் வேண்டும். 2011-லிருந்து ரேஷனில் இலவச அரிசி வராவிட்டால் எங்கள் தெருவில் இந்த ஆயிரம் அரிசிக்கே போயிருக்கும். ஆனால் அரிசி மூட்டையைக் காட்டி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ ஏற முடியாது. 2011-ல் மத்தியப் பிரதேசத்தில் பெண் தொழிலாளர்களின் சங்கமான ‘சேவா’ அமைப்பு எட்டுக் கிராமங்களில் பெரியவர்களுக்கு மாதம் 200, குழந்தைகளுக்கு 100 என்று பணமாகவே கொடுத்துப் பார்த்தது. ஜனங்கள் விதை வாங்கினார்கள், ஆடு மாடு வாங்கினார்கள், கூலிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு சொந்த நிலத்தைப் பார்த்தார்கள். இன்ன பொருள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

உங்கள் கேள்வியை எதிர்வீட்டிலும் கேட்டேன். “பணத்துக்குப் பதிலா ஏதாவது ஒரு பொருள் மாசாமாசம் குடுத்தா, என்ன கேப்ப?” ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “அடுத்த மாசம் என்ன இல்லாம போவும்னு இப்பவே எப்படிக்கா சொல்றது?” என்றாள்.

நகைக்கடன் ஏலம் பற்றி வந்திருக்கும் கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். ரசீது நகல் அனுப்பாதவர்கள் அனுப்பிவையுங்கள்.