திருகு பிடிக்காத ஒளிவாள் கைப்பிடி

நீங்கள் செய்யும் ஒளிவாளின் (ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளிரும் வாள்) அலுமினியக் குழாய்க் கைப்பிடியில் 4 மிமீ துளை போட்டு எம்4 டேப் (4 மிமீ திருகுக்கு மரை வெட்டும் கருவி) விட்டதாகவும், திருகு பிடிக்காமல் வழுக்குவதாகவும், குழாயைத் தூக்கிப் போட்டுவிடவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். எம்4-க்கு 3.3 மிமீ டிரில்தான் போட வேண்டும். 4 போட்டால் மரை வெட்ட உலோகமே மிஞ்சாது. அதே துளையை 4.2 மிமீக்குப் பெரிதாக்கி எம்5 டேப் விடுங்கள், சரியாகிவிடும்.

டேப்பை மெதுவாக விடுங்கள். இரண்டு சொட்டு மண்ணெண்ணெய், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது சீவல் 'டிக்' என்று உடைவது விரலுக்கே தெரியும். அது கேட்காமல் மேலே போகாதீர்கள்.

அப்புறம் உள்பக்கப் பிசிறை அரைவட்ட அரத்தால் எடுங்கள். இல்லாவிட்டால் கைப்பிடிக்குள் செருகும், வாளாக ஒளிரும் பாலிகார்பனேட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) குழாயில் கீறல் விழும். விளக்கைப் போட்டதும் ஒவ்வொரு கீறலும் பளிச்சென்று தெரியும், பார்க்கவே மனசு கஷ்டப்படும். திருகு முனை தட்டையாகவோ நைலானாகவோ இருக்கட்டும். மரையில் விடும் பூட்டுப் பசையை மட்டும் அங்கே தொடவே தொடாதீர்கள், பாலிகார்பனேட் விரிசல் விட்டுவிடும்.

அடுத்த துளைக்கு முன் ஒரு சென்டர் பஞ்ச் (துளை போடும் இடத்தில் சிறு குழி பதிக்கும் கூர்முனைக் கருவி) வாங்கிவிடுங்கள். உருண்டைக் குழாயில் பஞ்ச் குழி இல்லாமல் டிரில் முனை நிற்காது.